கனகு அண்ணையின் ஆள் இந்தக் கடுதாசியில் இல்லை

"பிள்ளை, இந்தக் கடுதாசி பிழை."

போன செவ்வாய்க்கிழமை, பாராளுமன்றத் தேர்தல் நாள். டென்மார்க்கில், கோல்டிங் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில், வாக்குச்சாவடி மேசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருவர் வந்து இப்படிச் சொன்னார். மறைப்புக்குள் போனவர் எந்தப் பெயருக்கு நேரேயும் புள்ளடி போடாமலே திரும்பி வந்திருந்தார். இரண்டு கையாலும் வாக்குச்சீட்டை விரித்துப் பிடித்திருந்தார். இந்த நாட்டு வாக்குச்சீட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள்... சின்ன மேசைக்கு விரிப்பாகப் போடலாம். கட்சி கட்சியாக, பெயர் பெயராக அவ்வளவு நீளம்.

"என்ன பிழை அண்ணை?"

"எங்கட ஆள் இதிலை இல்லை."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை. எனக்கு வந்தது கோபம். ஏன் என்று சொல்கிறேன்.

அவரைக் கனகு அண்ணை என்று வைத்துக்கொள்வோம். எங்கள் சங்கத்தின் தலைவர். நல்ல மனிதர் — இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நானும் என் கணவரும் இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளில் ரயில் நிலையத்தில் குடையோடு நின்றவர் அவர்தான். வீட்டுக்கு விண்ணப்பம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், டொக்டரைப் பதிவது... எங்களுக்கு டெனிஷில் "நன்றி" மட்டும் தெரிந்த காலத்தில் எல்லாப் படிவத்தையும் அவரே நிரப்பினார். எங்களுக்கு மட்டுமா? இந்த ஊரில் பாதித் தமிழருக்கு.

அதில் வந்த வினைதான் இது. படிவம் என்று எது வந்தாலும் அவர் கைக்குப் போகும். போய்ப் போய்ப் பழகிவிட்டது. கடைசியில் வாக்கும் ஒரு படிவம் ஆகிவிட்டது!

தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் சங்கக் கூட்டம். கனகு அண்ணை கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். ஓல்போர்க்கில் ஒரு வேட்பாளர், அங்கத்தைய கோயில் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை, நெற்றியில் திருநீறு, வெயிலில் சிவந்த முகம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"இவர்தான் எங்கட ஆள். டென்மார்க்கிலை இருக்கிற தமிழர் எல்லாரும் இவருக்குத்தான் போடவேணும். ஓல்போர்க் ஆக்களுக்கு நான் வாக்குக் குடுத்திட்டன்."

கைதட்டல்.

அடுத்த அறிவிப்பு: எல்லாரும் தபாலில் வந்த வாக்காளர் அட்டையை அவரிடம் கொடுக்க வேண்டும். தேர்தல் நாள் காலை இரண்டு வான் பிடித்து எல்லாரும் ஒன்றாகப் போவோம், வாசலில் அட்டையைத் திருப்பித் தருவார். "ஒருத்தரும் தவறக்கூடாது பாருங்கோ, அதுக்குத்தான்."

பழுப்பு நிறக் கடித உறை ஒன்று சுற்றி வந்தது. எல்லாரும் போட்டார்கள். நான் போடவில்லை. "எனக்கு அண்டைக்கு அங்கை மேசையிலை வேலை அண்ணை" என்று தப்பித்துக்கொண்டேன். பாருங்கள் என் வீரத்தை... வேலை இல்லாவிட்டால் நானும் போட்டிருப்பேனோ என்னவோ. என் முதல் தேர்தலில் என் கணவர் உள்ளங்கையில் எழுதிவிட்ட பெயரைப் பார்த்துத்தான் நான் புள்ளடி போட்டேன். வியர்வையில் பாதி எழுத்து அழிந்து, மிச்சத்தைக் கொண்டு ஊகித்தேன். யாருக்குப் போட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

உறை கடைசி வரிசைக்கு வந்தபோது ஒரு குரல்.

"அந்தாள் எங்கட லிஸ்டிலை இல்லை."

சொன்னவர் ரதி அக்கா. கனகு அண்ணையின் மனைவி.

ரதி அக்கா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். விடிய ஆறு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரை. குடியுரிமைப் பரீட்சையில் இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் பாஸ் பண்ணியவர். கனகு அண்ணைக்கு எப்போதோ கிடைத்த பாஸ்போர்ட், அவருக்குப் போன வருடம்தான் கிடைத்தது. அதனால் இது அவரது முதல் பாராளுமன்றத் தேர்தல். சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் தொகுதி வேட்பாளர் பட்டியல் முழுவதையும், விரல் வைத்து, ஒவ்வொரு பெயராக வாசித்திருக்கிறார்.

"அவர் வடக்கிலை நிக்கிறார். எங்களுக்கு இஞ்சை வேற ஆக்கள்" என்றார் அக்கா.

தலைவரைத் திருத்துவதே பெரிய காரியம். திருத்தியது மனைவி. அதுவும் சரியாகத் திருத்தியது!

"நீர் சும்மா இரும். டென்மார்க் முழுக்க ஒரே தேர்தல்தானே" என்றார் அண்ணை.

"அக்கா சொல்லுறது சரி" என்று நான் சொன்னேன். என்னையும் சும்மா இருக்கச் சொன்னார்.

தொகுதிக்குத் தொகுதி வேட்பாளர் வேறு என்பது இந்த நாட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கனகு அண்ணைக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு டென்மார்க் என்றால் தொகுதிகள் இல்லை. கோயில்கள். ஓல்போர்க் கோயில், எஸ்பியர்க்கில் சம்பந்தி வீடு, கோல்டிங்கில் சங்கம்... நடுவில் எல்லைக்கோடு ஏது?

அன்று இரவு வீட்டில் அண்ணை கேட்டிருக்கிறார்: "அப்ப நீர் ஆருக்குப் போடப் போறீர்?" அக்கா சொன்ன பதில் ஒரே சொல். "யோசிக்கிறன்."

இவ்வளவுதான் சொன்னது. அண்ணை உடனே ஓல்போர்க்கில் படிக்கும் மகளுக்கு போன் பண்ணி, "அம்மா ஒரு மாதிரிக் கதைக்கிறா" என்றாராம். மகள் டெனிஷில் ஒரே வரியில் முடித்துவிட்டாள். யோசிக்கட்டுமே, அதற்கென்ன?

தேர்தல் நாள் காலை பத்து மணிக்கு இரண்டு வானும் வந்தன. பதின்மூன்று பேர். சேலை, கோட், தொப்பி. வாசலில் உறையிலிருந்து அட்டைகள் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்பட்டன. ரதி அக்காவைக் காணவில்லை.

"அக்கா எங்கை?" என் மேசைக்கு வந்த அண்ணையிடம் கேட்டேன்.

"வேலை."

"முடிய வருவாவோ?"

"பாப்பம்" என்றார். சட்டைப் பையில் ஒரு அட்டையின் ஓரம் தெரிந்தது. அது யாருடையது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு நடந்ததுதான் நீங்கள் முதலில் வாசித்தது. பதின்மூன்று பேரும் உள்ளே போய் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடினார்கள். ஓல்போர்க் மனிதர் கோல்டிங் கடுதாசியில் எப்படி இருப்பார்? ஒரு மாமி வெளியே போகும்போது என் காதில், "வடிவான பேர் ஒண்டு இருந்தது பிள்ளை, அதுக்குப் போட்டிட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கடுதாசி சரி அண்ணை" என்று கனகு அண்ணையிடம் சொன்னேன். "இதிலை இருக்கிற ஆக்களிலை ஒராளைத் தெரிவுசெய்யுங்கோ." திரும்பப் போனார். இரண்டு நிமிடத்தில் வந்து பெட்டிக்குள் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார்.

என் கோபம் அவர் பட்டியலைப் பார்க்காமல் வந்ததற்கு அல்ல. பார்த்தவரின் அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தாரே, அதற்கு.

மூன்றரை மணி. கதவு திறந்து ரதி அக்கா வந்தார். காலில் சமையலறைச் சப்பாத்து, மேலே குளிர்கால ஜக்கெட். பஸ் பிடித்துத் தனியாக வந்திருந்தார்.

"கார்ட் இல்லைப் பிள்ளை. அவர் தரேல்லை. சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தன்."

சும்மா பார்த்துவிட்டுப் போக! மூன்று தரம் பரீட்சை எழுதிய பெண், ஒன்பது மணி நேரம் நின்று வேலை செய்த காலோடு, மற்றவர்கள் வாக்குப் போடுவதைப் பார்க்க வந்திருக்கிறார். என் கண் கலங்கிவிட்டது. பிறகு கோபம் வந்தது. கோபம்தான் வேலைக்கு உதவும்.

"அக்கா, கார்ட் இல்லாமலும் போடலாம்."

"என்ன?"

"பேர், விலாசம், பிறந்த திகதி சொல்லுங்கோ. நாங்கள் இஞ்சையே புதுசு தருவம்."

அக்கா என்னை நம்பவில்லை. அட்டையை வைத்திருப்பவர் கையில்தான் வாக்கு இருக்கிறது என்று இரண்டு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தவர். நான் டெனிஷில், முறைப்படி, முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோலக் கேட்டேன். அவரும் எழுந்து நிற்கும் மாணவிபோலப் பதில் சொன்னார். கணினியில் அவர் பெயர் இருந்தது. இன்னும் வாக்களிக்கவில்லை என்றும் இருந்தது. புதிய அட்டையைக் கொடுத்தேன். பக்கத்து மேசையில் வாக்குச்சீட்டையும் வாங்கிக்கொண்டார்.

அப்போது கனகு அண்ணை வந்து சேர்ந்தார். முதியோர் இல்லத்து வாசலில் காரோடு காத்திருந்து, ஆளைக் காணாமல் வந்திருக்கிறார். நேரே மறைப்பை நோக்கி நடந்தார்.

"அவவுக்கு டெனிஷ் வடிவா விளங்காது. நான் உள்ளை வந்து காட்டிக் குடுக்கிறன்."

நான் எழுந்து நின்றேன். ரயில் நிலையத்தில் குடையோடு நின்றவர். என் பிள்ளைக்கு முதல் சப்பாத்து வாங்கித் தந்தவர். இவரை மறிக்கிறேனா நான்? மறித்தேன்.

"அண்ணை, உள்ளுக்கு ஒராள்தான். நீங்கள் அங்காலை நில்லுங்கோ."

"பிள்ளை, ஆரோடை கதைக்கிறாய் எண்டு தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. அதுதான் மெதுவாச் சொல்லுறன்."

அவர் நின்றார். அக்கா உள்ளே போனார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டமாக நின்றால்தான் உயிர் தப்பலாம் என்ற இடத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். அங்கே அது சரியாகவே இருந்திருக்கலாம். நான் பிழை சொல்ல வரவில்லை. ஆனால் "குடும்ப சகிதம்" என்று அச்சடிக்க வாக்காளர் அட்டை என்ன கலியாணக் கார்டா? ஒரு அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. கணவர் பெயரும் இல்லை, சங்கத்தின் பெயரும் இல்லை. இனி எந்த உறை வந்தாலும் என் வரிசையைத் தாண்டாது. என்னோடு கோபிப்பவர்கள் தாராளமாகக் கோபிக்கட்டும்.

அக்கா உள்ளே பதினொரு நிமிடம் நின்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அண்ணையும் பார்த்தார். பின்னால் வரிசை வளர்ந்தது. ஒரு டெனிஷ்காரரும் முணுமுணுக்கவில்லை.

வெளியே வந்தார். சீட்டை மடித்திருந்தார், ஓரங்கள் பிசகாமல். பெட்டிக்குள் போட்டார். போட்ட பிறகும் ஒரு கணம் கையை எடுக்கவில்லை.

"ஆருக்குப் போட்டனீர்?" அண்ணை கேட்டார்.

அக்கா அவரைப் பார்த்துத் திரும்பி, நல்ல டெனிஷில், வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்டேனா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், அக்கா போகும்வரை. அதையும் நான் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். அக்காவிடம் அனுமதி வாங்கினேன். அண்ணையிடம் கேட்கவில்லை... கேட்டால் அதற்கும் ஒரு படிவம் நிரப்புவார்.

முடிவுகள் வந்த மறுநாள் அக்கா போன் எடுத்தார். "நான் போட்ட ஆள் வெல்லேல்லைப் பிள்ளை."

"கவலையோ அக்கா?"

"என்ன கவலை? நானாப் பாத்துத் தெரிவுசெய்த ஆளல்லோ தோத்தது!"