யாரும் திருத்தாத பக்கம்

எங்கள் வட்டார நூலகங்களுக்கு விக்கி வந்த கதையைச் சொன்னால் தோழிகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. போடியில் ஒரு கிளை நூலகத்துக்கு நான் பொறுப்பு. சுற்றுவட்டாரத்தில் ஒற்றை ஆள் பார்த்துக்கொள்ளும் நூலகங்கள் ஆறு. எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது, எந்த நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையெல்லாம் ஏழு பேரும் சேர்ந்து விக்கி என்ற ஒரே இணையப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, மற்றவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்று கைகழுவி விட்டார்கள்.

ஆறு பேரையும் கணினி முன் உட்கார வைத்து, இதில் யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பதிவேட்டில் ஒரு எழுத்தை அடித்தாலே பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுப் பழகிய கைகள். திருத்துவதற்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். கையெழுத்தே வேண்டாம், யார் எதை மாற்றினாலும் பெயரோடு அதுவே குறித்து வைத்துக்கொள்ளும் என்று பெருமையாகச் சொன்னேன். அங்கேதான் காரியம் கெட்டது.

அவர்களில் மூத்தவர், தேவாரம் போகும் வழியில் ஒரு மலையடிவார ஊரில் பல வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நாளைக்கு ஒண்ணுன்னா எம்பேருதான் அதுல நிக்கும்?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அதன்பிறகு எல்லாரும் எழுதினார்கள், வெள்ளைத்தாளில். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார்கள். அண்ணன் மட்டும் தபாலில், பொருள், பார்வை எல்லாம் போட்டு, முத்திரை குத்தி அனுப்புவார். மதியச் சோற்றுக்குப் பிறகு கண் சொக்கச் சொக்க நான் தட்டச்சு செய்வேன். கூட்டு முயற்சி என்று பெயர். கூட்டத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். போகப்போக அலுத்துவிட்டது. தபால் உறைகளைத் தட்டில் போட்டுவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடுவேன்.

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுக்கும் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீப்பில் இறங்கி வருவாள். அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்குதான் தடுமாற்றம். போன முறை அதில்தான் கோட்டை விட்டேன் என்று சொல்லியிருந்தாள். தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, பழைய வினாக்களை விடையோடு போட்ட கணக்குப் புத்தகம் ஒன்றைக் கேட்டாள். என்னிடம் இல்லை. விக்கியைத் திறந்து பார்த்தேன். அண்ணன் நூலகத்தில் இருந்தது, ஞாயிறு மாலை ஐந்து வரை திறந்திருக்கும் என்றும் இருந்தது. அப்பாடா, ஒருவழியாக இது ஒருவருக்காவது உதவுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். நானே பேருந்து நேரம் சொல்லி அனுப்பினேன்.

மூன்றரை மணிக்கு வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பூட்டிக் கிடந்ததாம். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே அடைத்துவிடுவார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். அடுத்த சனிக்கிழமை தேர்வு. அதற்குள் அவளுக்கு வேறு விடுமுறை கிடையாது. நாலு மணி ஜீப்பை விட்டால் மேலே போக வண்டியும் இல்லை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சாரமில்ல மேடம்," என்றாள். மலையில் மலையாளிகளோடு வேலை பார்க்கிறவர்கள் பரவாயில்லை என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். குடத்தில் இருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு ஜீப்புக்கு ஓடினாள்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். நேரம் மாறினால் சொல்ல மாட்டீர்களா என்று கத்திவிட்டேன். ஆறு வாரத்துக்கு முன்பே எழுதிவிட்டதாகச் சொன்னார். தட்டைக் கிளறினேன். அடியில் பழுப்பு உறை ஒட்டியபடியே கிடந்தது. பொருள்: ஞாயிறு வேலைநேர மாற்றம். பிரித்துப் படித்தபோது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் தோற்க மனசு வரவில்லை. விக்கியில் தப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, ரெண்டு நிமிஷத்தில் நீங்களே மாற்றியிருக்கலாமே, அதைத்தானே அன்றைக்கு அவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்தேன் என்றேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்:

"மொத வாரம் மாத்துனேம்மா. உங்க லைப்ரரி நேரம் பழசா கெடந்துச்சு, சரி பண்ணேன். அன்னைக்கே போன் போட்டு, யாரக் கேட்டு எம்பக்கத்துல கை வச்சீங்கன்னு கேட்டீங்க."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. விக்கியின் மாற்ற வரலாற்றில் கீழே கீழே இறங்கிப் போனேன். வரிசையாக என் பெயர்தான். அடியில் ஒரே ஒரு இடத்தில் அவர் பெயர் இருந்தது. அவர் போட்ட நேரம்தான் சரி. அதற்கு மேலேயே, அவர் மாற்றியதை நான் அழித்துவிட்டு அதே நேரத்தை மறுபடி என் பெயரில் போட்டிருந்தேன்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. தப்பு என்னுடையதுதான் அண்ணே, இப்போது நீங்களே உங்கள் நேரத்தை மாற்றுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றேன்.

"வேணாம்மா," என்றார். குரலில் கோபமே இல்லை. "நீங்களே மாத்திருங்க."

நானே மாற்றினேன். தேர்வு முடிந்து நாலு ஞாயிறு ஆகிறது. அந்தப் பெண் வரவில்லை.