குளிசையும் ஒரு செம்பு பாலும்

வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் நடுங்கினேன். உச்சி வெயில். பல்லோடு பல் அடித்தது. சிறுநீர் எரிந்தபடி துளித்துளியாக வந்தது.

மூன்று நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம். பிறகு மனைவிதான் வைத்தியசாலைக்கு இழுத்துப் போனாள். புரொஸ்டேட்டில் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி) கிருமி தொற்றியிருந்தது. ஊசி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டதும் நான்கு கிழமைக்கு, இருபத்தெட்டு நாளும் விழுங்க, குளிசை தந்து எங்கள் ஊர் புத்தூருக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் கிழமை காய்ச்சல் திரும்பியது. நான் ஒரு குளிசையும் தவறவிடவில்லை.

"சீழ் கட்டினால் வெட்டி எடுக்கவேண்டி வரும்" என்றார் வைத்தியசாலை டொக்டர். என் மகள் வயதுப் பெண். நான் நிலத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

"ஐயா, குளிசையை எதோடை போடுறியள்?"

மனைவி முந்திக்கொண்டாள். "சூட்டுக் குளிசையல்லோ டொக்டர், வெறும் தண்ணியோடை குடுப்பனே? எங்கடை பசுவின்ரை பால். காலமையும் பின்னேரமும் ஒவ்வொரு செம்பு."

டொக்டர் சிரித்துவிட்டார். "பசுவிலை பிழையில்லை அம்மா. பாலிலை இருக்கிற சுண்ணாம்புச் சத்து இந்தக் குளிசையை வயித்துக்குள்ளையே பிடிச்சு வைச்சிடும்."

"அப்ப நான்தான் இவரைக் கெடுத்தனானோ?"

"குடிச்சது நான்தானே" என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான்.

டொக்டர் ஒரு தாளில் அந்தச் சுரப்பியை வரைந்தார். கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. வீக்கம் கடுமையாக இருக்கையில் அதன் சுவர் கசியும்; மருந்து உள்ளே போய்விடும். வீக்கம் வற்ற வற்றச் சுவர் இறுகிவிடும். பிறகு கொழுப்பில் கரையக்கூடிய சில மருந்துகளே அதனூடாக ஊறிச் செல்லும். அதுவும் இரத்தத்தில் போதிய மருந்து இருந்தால்தான். காய்ச்சல் விட்ட பிறகும் கிழமைக்கணக்கில் விழுங்குவது அதற்காகத்தான்.

நான் வாயால் சொல்லக் கூசிய இடத்துக்கு, ஒரு குளிசை இருட்டில் தானே வழி கண்டு போகிறது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மனைவி பாலை மத்தியானத்துக்கு மாற்றினாள். காலையில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அந்தத் தாளை விரித்துப் பார்ப்பேன். இப்போது இரத்தத்தில் கலந்திருக்குமா? சுவரடிக்குப் போயிருக்குமா? காய்ச்சல் நாலாம் நாள் விட்டது. நான் குளிசையை நிறுத்தவில்லை. கடைசிச் சோதனையில் கிருமி இல்லை, வெட்டவும் தேவைப்படவில்லை.

இதே நோயோடு இருப்பவர்களே, குளிசையை எதோடு விழுங்குகிறீர்கள் என்பதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திராதீர்கள்.

முன்பெல்லாம் வேலியோரம் ஒதுங்குவது ஒரு கண வேலை. இப்போது எரிவில்லாமல் முடிந்த பின்னும் சற்று நின்றுவிடுகிறேன்.

"உங்கை என்னப்பா நிண்டு பாக்கிறியள்?" என்று கிணற்றடியிலிருந்து மனைவி கேட்பாள்.

"ஒண்டுமில்லை" என்பேன். இன்னும் கொஞ்சம் நிற்பேன்.