ஈரச் சாக்கு யார் யோசனை?

போன செவ்வாய்க்கிழமை ஒரு தெர்மாமீட்டரைப் பார்த்து எனக்கு வியர்த்துக் கொட்டியது. வீட்டில் யாருக்கும் ஜுரம் இல்லை. ஜுரம் ஒரு பாத்திரத்துக்கு!

என் சித்தப்பா மகள் செல்வி கெமிஸ்ட்ரி படித்தவள். சாத்தூர் பக்கம் மாமனாரின் சின்னக் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறாள். சிவகாசி பிரஸ்களில் ரோலரில் ஒட்டிய மையைத் துடைக்கும் திரவம் தயாரிக்கிறார்கள். எண்ணெயிலிருந்து எடுத்த அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்வது. இரண்டும் லேசில் சேராது. சேர்த்துவைக்க இத்தனை வருஷம் கந்தக அமிலம் ஊற்றி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினார்கள்.

அது ஒருநாள் தெறித்ததில், அங்கே வேலை பார்க்கும் மாரியப்பனின் முன்கை முழுக்கத் தழும்பு. அதற்குமுன் எம். புதுப்பட்டியில் பதினைந்து வருஷம் பட்டாசு வேலை பார்த்தவர். அங்கே ஒரு கீறல்கூட விழாத மனுஷன்!

அந்தத் தழும்பைப் பார்த்ததிலிருந்து செல்விக்கு ஆசிட் என்றாலே ஆகாது. என்சைமுக்கு மாறினாள். ஜவ்வரிசி மாதிரிக் குட்டிக் குட்டி மணிகள். அவற்றின் மேல் என்சைம் ஒட்டியிருக்கிறது. ஐம்பது டிகிரி வெதுவெதுப்பு போதும்... அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் அறுபதைத் தாண்டினால், முட்டை மாதிரி வெந்து செத்துப்போகும்.

மாமனாருக்கு நம்பிக்கையில்லை. “இன்னைக்குச் சாயங்காலம் பிரஸ்காரருக்குச் சாம்பிள் போகலைன்னா, நாளையிலேர்ந்து பழையபடி ஆசிட்டுதான்” என்று சொல்லிவிட்டார். ஊற்றப்போவது யார்? மாரியப்பன்தான்.

வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். செல்வி சாம்பிள் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அவசரத்தில் பாத்திர மூடியிலிருந்த வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டாள். அப்போது பார்த்தா ஹீட்டர் மக்கர் செய்ய வேண்டும்? ஐம்பத்திரண்டு... ஐம்பத்தைந்து... மாரியப்பன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். ஆனாலும் பாத்திரத்தைச் சுற்றியிருந்த வெந்நீர் விடவில்லை.

“அண்ணாச்சி, ஏறிக்கிட்டே போகுதே! என்ன செய்ய?”

நான் சிவகாசிக்காரன். வெக்கை என்றால் கை தானாக ஈரச் சாக்கைத் தேடும். “ஈரச் சாக்கை எடுத்து மேல போடுங்க!” என்றேன், என்னவோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

போட்டு, சூடு தணிந்ததும் எடுத்தும்விட்டார். ஐம்பத்தெட்டில் நின்று, இறங்கியது. அப்பாடா!

செல்வி வந்து, ஹீட்டர் மக்கர் செய்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்த சாம்பிளை எடுத்தாள். பிங்க் நிறம் வரும்வரை ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். சொட்டு குறையக் குறைய அமிலம் குறைகிறது, வேலை நடக்கிறது என்று அர்த்தம். இந்த முறை போன தடவையைவிட அதிகமாக விட்டும் பிங்க் வரவில்லை.

“போச்சுண்ணே... சூட்டுல வெந்துபோச்சு.” கைவசம் வேறு மணிகள் இல்லை. வடித்துக் கொட்ட வாளியை எடுத்தாள்.

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியதை நான் பார்த்திருந்தேன். சொன்னேனா? வாயைத் திறக்கவில்லை.

மாரியப்பன் திறந்தார். “தாயி, கொட்டாதீக. அறுபதுக்குப் போகவே இல்ல, பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நாந்தான் ஈரச் சாக்கு போட்டேன். தொறந்த வாய் வழியா தண்ணி உள்ள போயிருச்சு.”

செல்வி வாளியைக் கீழே வைத்தாள். “எம்புட்டு?”

“ஒரு டம்ளர் இருக்கும்.”

“அப்ப சாகலண்ணே! உயிரோடதான் இருக்கு!”

விஷயம் இதுதான். இந்த என்சைம் ஈரம் இல்லாவிட்டால் இரண்டையும் சேர்க்கும். தண்ணீரைக் கண்டால், சேர்த்ததையே பிரிக்கும். செத்திருந்தால் அதையும் செய்யாது. எங்கள் கண்ணெதிரே மும்முரமாக வேலை செய்துகொண்டுதான் இருந்தது — தலைகீழாக!

பம்ப் போட்டு ஈரத்தை உறிஞ்சினார்கள். ஹீட்டரைக் கையாலேயே போட்டுப் போட்டு அணைத்தார் மாரியப்பன். நான்கு மணிக்குச் சொட்டு குறைந்தது. ஆறு மணிக்கு மூன்றாவது சொட்டிலேயே பிங்க்! சாம்பிள் கிளம்பியது. மாமனார் போனை எடுத்து, “ஆசிட் லோடு வேண்டாம்ப்பா” என்றார்.

“உடனே ஒத்துக்கிட்டீகளே, பயமில்லையா?” என்று மாரியப்பனிடம் கேட்டேன்.

“பட்டாசுல தப்பு நடந்தா, அதுவே சத்தம் போட்டுச் சொல்லிரும் அண்ணாச்சி. இது சத்தமே போடாதே... நாமதான சொல்லணும்?”

“சாக்கு என் யோசனைன்னு ஏன் சொல்லல?”

தழும்புக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அதை நீங்கல்ல சொல்லணும்!”

செல்வி, பத்திரிகையில் என் பத்தியை நீ வாராவாரம் படிப்பாய் என்று தெரியும். அந்த ஈரச் சாக்கு... என் யோசனைதான்!