குச்சியக்கா மூடாத கோப்பு

அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் அவள் குச்சியக்கா. நகராட்சி சுகாதார அலுவலகத்தில் கள ஊழியர். பத்தொன்பது வருட வேலையில் முதல் பதினோரு வருடம் தடுப்பூசி, அதற்குப் பிறகு ஈயப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, இழுத்து இழுத்து ஓடும் ஒரு கணினி, அப்புறம் அவள்.

ஏதாவது ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருக்கிறது என்று ஆய்வகத்திலிருந்து தாள் வரும். அவள் அந்த வீட்டுக்குப் போவாள். நுனியில் மருந்து தோய்த்த பஞ்சு வைத்த குச்சியால் ஜன்னல் கட்டை, கதவு நிலை, கட்டில் கால், பொம்மை என்று ஒன்று விடாமல் தேய்ப்பாள். பஞ்சு சிவந்தால் ஈயம். அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

அன்றைக்கு வந்த தாளில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. அளவு முப்பத்தொன்று. பதினைந்தைத் தாண்டினாலே வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அலுவலக விதி. அவள் அன்றே போனாள்.

இரண்டாம் மாடியில் ஓர் அறையும் சமையலறையும். குழந்தையின் அம்மா வீட்டிலேயே சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள். குழந்தைக்கு அடிக்கடி வயிற்று வலி, சாப்பிடப் படுத்துகிறது, மூன்றே மூன்று வார்த்தைதான் பேசுகிறது என்றாள். பூச்சி மருந்துகூட இரண்டு தடவை கொடுத்தாகிவிட்டதாம். ஈயத்தைப் பற்றிக் குச்சியக்கா விளக்கியதும் அவள் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது.

சுவரைத் தேய்த்தாள். ஜன்னல், குழாய், பொம்மைகள், மசாலா டப்பாக்கள், எதிலும் பஞ்சு வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. அவள் கையிலிருந்த படிவத்தில் வண்ணப்பூச்சு, தண்ணீர், பொம்மை, மண் என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டம், ‘மூலம் கண்டறியப்படவில்லை.’ அதில் ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது. பேனாவைத் திறந்தும்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து, காலை ஷிப்டு முடிந்து அப்பா வந்தார். குழந்தை ஓடிப்போய் அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்தது. அவர் தூக்கியதும் சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது. குச்சியக்கா பேனாவை மூடினாள்.

எங்கே வேலை என்று கேட்டாள். ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் பழைய பேட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கும் தகடுகளை எடுக்கிற வேலை என்றார். காலரைத் தேய்த்தாள். பஞ்சு கொய்யாப்பழத்தின் உள்சதை போலச் சிவந்தது. செருப்பு, சாப்பாட்டுப் பை, குழந்தை தலை வைக்கும் தலையணை. எல்லாம் சிவப்பு.

அவர் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டார்.

“அப்ப நான் தூக்கினதாலதானா மேடம்?”

“நீங்க தூக்கினதுல தப்பே இல்ல தம்பி. கை கால் கழுவ அங்க ஒரு குழாய் வைக்கலையே, அதுதான் தப்பு.”

சொன்னாளே தவிர, அது அவரைத் தேற்றவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் வந்ததும் நேரே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழந்தை வெளியே கதவைத் தட்டிக்கொண்டு வீடே இரண்டாகிற மாதிரி அழுதது. மருத்துவரோ, இந்த அளவுக்கு மருந்து கிடையாது, பால், முட்டை, இரும்புச் சத்து கொடுங்கள், ஈயம் வருகிற வழியை அடையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வழியை யார் அடைப்பது? அதுதான் பெரிய கேள்வியாகப் போய்விட்டது. வீட்டுக்குள் இருப்பதுதான் நம் பொறுப்பு, வேலை செய்கிற இடம் நம் கையில் இல்லை என்றார் சுகாதார அலுவலர். தொழிலாளர் துறைக்கு எழுதினாள். கிணற்றில் போட்ட கல். நேரில் இரண்டு தடவை போய் நின்ற பிறகு பதில் வந்தது: வேலை செய்பவர் கையெழுத்துப் போட்ட புகார் வேண்டும். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். போட்டால் மறுநாள் கொட்டகைக்குள் கால் வைக்க முடியாது. மாசுக் கட்டுப்பாட்டுத் துறையைக் கேட்டாள். அங்கே உருக்குவதில்லை, உடைப்பது மட்டும்தான், புகை இல்லையென்றால் எங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். செருப்புத் தேய அலைந்ததுதான் மிச்சம்.

கொட்டகைக்குள் அவள் போக முடியாது. ஆனால் அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் தன் தெருக்களில்தானே இருக்கிறார்கள்? இது தோன்றியதும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, ஏன் மூன்று மாதம் தோன்றவில்லை என்று. தடுப்பூசி போடும் கூடத்தில் ஒரு சனிக்கிழமை பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தாள். கொட்டகைக்காரர்களின் குழந்தைகள் ஒன்பது பேர் வந்தார்கள். ஏழு பேருக்குப் பதினைந்துக்கு மேல்.

சுகாதார அலுவலர் தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு.

“ஒரே மாசத்துல ஏழு கேஸ்னா மேல கேப்பாங்களேம்மா. திடீர்னு எங்கேருந்து வந்துச்சும்பாங்க.”

“திடீர்னு வரல சார். இருந்துச்சு. நாமதான் பாக்கல.”

கெட்டவர் இல்லை. முனகிக்கொண்டே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதைக் கண்டு தொழிலாளர் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார், இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டு. அன்றைக்குக் கொட்டகை கழுவித் துடைத்திருந்தது. ஆளுக்கொரு புதுக் கையுறை, முகமூடி. இருமிக்கொண்டிருந்த நான்கு பேருக்கு மட்டும் லீவு. குறை ஒன்றும் தென்படவில்லை என்று அறிக்கை வந்தது.

அன்று சாயங்காலம் குச்சியக்காவின் கணவர், பேருந்து ஓட்டுநர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “எங்க பஸ்ல டிக்கெட் செக் பண்ண வர்றவன்கூட சொல்லிட்டு வர்றதில்ல” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பொத்தான் தைக்கிறவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், மன்னிப்புக் கேட்கிற குரலில். அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்தாள். மற்ற குழந்தைகளின் அம்மாக்களைப் போய்ப் பார்த்தாள். அடுத்த வாரம் அவளையும் சேர்த்து ஏழு பெண்கள், ஆளுக்கொரு வாளியும் துவைத்த சட்டையுமாக, ஷிப்டு முடிகிற நேரத்தில் கொட்டகை வாசலில் போய் நின்றார்கள். எதிரே தெருக்குழாய் இருந்தது. குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்றார்கள். நடுத்தெருவில் மானத்தை வாங்குகிறாயா என்று வேலை முடிந்து வந்தவர்களில் இரண்டு பேர் கத்தினார்கள். பொத்தான் தைக்கிறவளின் கணவர்தான் முதலில் சட்டையைக் கழற்றினார். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தினமும் இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், பத்தாவது நாள் கொட்டகை மேற்பார்வையாளர் உள்ளேயே இரண்டு குழாய் போட்டு, ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைவும் வைத்தார்.

மூன்று அலுவலகங்களும் பத்தொன்பது கடிதங்களும் செய்யாத வேலை. குச்சியக்காவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான். தூசி உள்ளே அப்படியேதான் பறந்தது. பெரியவர்களின் ரத்தத்தை யாரும் சோதிக்கவில்லை. அது எந்தத் துறையின் வேலை என்பதே முடிவாகவில்லை.

முப்பத்தொன்றாக இருந்த அந்தக் குழந்தையின் அளவு இருபத்திரண்டாக இறங்கியது, எட்டு மாதம் கழித்துப் பதினான்கு. இப்போது பத்துப் பன்னிரண்டு வார்த்தை பேசுகிறது. அப்பா வந்ததும் தோளில் ஏறிக்கொள்கிறது. அதன் வயதுப் பிள்ளைகள் கதையே சொல்கிறார்கள். இது அவர்களை எப்போது எட்டிப் பிடிக்கும், பிடிக்குமா என்று அம்மா கேட்டாள். தெரியவில்லை என்றுதான் குச்சியக்காவால் சொல்ல முடிந்தது.

பதினான்கு வந்ததும் கணினி கோப்பை மூடச் சொன்னது. நான்கு கட்டங்களில் எதுவும் பொருந்தாததால், மூலம் கண்டறியப்படவில்லை என்று தானே நிரப்பிக்கொண்டது. அவள் காகிதப் படிவத்தில் கையால் எழுதினாள்: ‘அப்பாவின் சட்டை. பேட்டரி உடைக்கும் கொட்டகை.’ படிவத்துக்கு வெளியே எழுதக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினாள். மறுபடி வந்தது. கோப்பை மட்டும் அவள் மூடவில்லை. மூடலாமா என்று தினமும் காலையில் திரை சிவப்பு எழுத்தில் கேட்கும், ‘பிறகு’ என்பதை அழுத்திவிடுவாள். தாமதமான கோப்பு என்று அவள் பெயரில் ஒரு குறிப்பாணையும் வந்தது. அதையும் அந்தக் கோப்பிலேயே சேர்த்து வைத்தாள்.

அதே வாரம் ஆய்வகத்திலிருந்து இன்னொரு தாள் வந்தது. பதினோரு மாதக் குழந்தை, அளவு இருபத்தாறு. அப்பாவின் வேலை என்ன என்று கேட்க அந்தத் தாளில் இடமே கிடையாது. முகவரியைப் பார்த்தாள். அந்தக் கொட்டகைக்குப் பக்கத்துத் தெரு.