கண் டாக்டர் கேட்ட கேள்வி

சங்கரன்கோவிலில் பிரேம்சிங் அண்ணாச்சியின் விசைத்தறிக் கூடத்தில் இசக்கிசெல்வியைப் போல் தறி பார்க்க ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் பேச்சு இருந்தது. வலப்பக்கம் ஒரு தறி, இடப்பக்கம் ஒரு தறி, நடுவில் அவள். எந்தப் பக்கம் இழை அறுந்தாலும் தலையைக்கூடத் திருப்பமாட்டாள்; கை தானாகப் போய்த் தறியை நிறுத்திவிடும். தறிக்காரர்களுக்கு நேர்ப்பார்வையைவிட ஓரப்பார்வைதான் சோறு போடுகிறது.

அப்பேர்ப்பட்டவள் நெய்த சேலைகளில் கோடு விழ ஆரம்பித்தது. இழை அறுந்தது தெரியாமல் தறி அதன்போக்கில் ஓடி, முழம் முழமாகத் துணி வீணானது. "ஏம்மா, கண்ண எங்கன வச்சிருக்க?" என்று அண்ணாச்சி கத்தினார். அவளும் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பூ மார்க்கெட் பக்கம் ஓரமாக வந்த பைக் அவளை இடித்துத் தள்ளப் பார்த்தது. சொந்த வீட்டு வாசல்நிலையிலேயே தோளை இடித்துக்கொண்டாள். தலைவலி வேறு.

ஆனால் அவள் நெஞ்சை அரித்தது இதெல்லாம் இல்லை. கல்யாணமாகி எத்தனையோ ஆடித்தபசுத் திருவிழா வந்து போய்விட்டது, மடியில் ஒரு பிள்ளை இல்லை. மாதாமாதம் விலக்காகிற அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். போன வருஷம் அது வராமல் நின்றது. புருஷன் கோமதிநாயகம், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், சேதி தெரிந்த அன்றைக்கே பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நின்றான். மெடிக்கலில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனை அட்டையில் ஒரே கோடு; இரண்டு விழுந்தால்தான் பிள்ளை. மறு மாதமும் ஒரே கோடு. அதன்பிறகு அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இனி நமக்குப் பிள்ளை இல்லை, காலத்துக்கு முந்தியே எல்லாம் நின்றுபோய்விட்டது என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். தங்கள் மேல் தீர்ப்பு எழுதுவதென்றால் நம் பெண்களுக்கு அப்படி ஒரு அவசரம்.

அதைவிடப் பெரிய கூத்து பிறகுதான் நடந்தது. ஒருநாள் தறியில் நிற்கும்போது ஜாக்கெட் நனைந்தது. வியர்வை என்று நினைத்தாள். பால்! பெறாத உடம்பில் பால். வெளியே தெரிந்தால் ஊர் என்னவெல்லாம் பேசும்? துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

அடுத்த தறியில் நிற்கும் ஆமினாளுக்கு இந்தச் சங்கதி தெரியாது. வீணாகிற சேலைகள்தான் தெரியும். "ஏட்டி, ஒரு கண்ணாடியாவது வாங்கி மாட்டு. இல்லன்னா அண்ணாச்சி வேற ஆளப் போட்டுருவாரு" என்று நச்சரித்தாள். கோமதிநாயகமும் ஒருநாள் ஆட்டோவை நிறுத்திப்போட்டு அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனான்.

கண் டாக்டர் ரெனி சின்ன வயதுப் பெண். சுவரில் தொங்கிய எழுத்துகளை இசக்கிசெல்வி கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தாள். "பார்வை நல்லாத்தான இருக்கு" என்றான் கோமதிநாயகம். டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து விரல்களை ஆட்டினார்.

"விரல் அசையுறது தெரியுதாக்கா?"

"எந்த விரலு?"

டாக்டர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மாதவிலக்கு ஒழுங்கா வருதா?"

கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கோமதிநாயகம் முழித்தான். "நின்னு ஒரு வருஷம் ஆச்சு" என்றாள் அவள்.

"மார்புல பால் கசியுதா?"

இசக்கிசெல்விக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத சங்கதி. குறி சொல்கிறவள்கூட நம் வாயைக் கிளறித்தான் சொல்லுவாள். இந்தப் பெண் கண்ணைப் பார்த்தே சொல்லிவிட்டாளே! புருஷன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் கை வந்து அவள் கையைப் பிடித்தது.

"ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல?"

ரத்தம் பார்த்து, ஸ்கேன் எடுத்து வந்தபின் ரெனி விளக்கினார். "மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. பிள்ளை பெத்தவங்களுக்குப் பால் சுரக்கச் சொல்லுத ஹார்மோன் அங்கனதான் உண்டாகுது. அது கூடுனா, கையில பிள்ளை இருக்கு, அடுத்தது இப்ப வேண்டாம்னு மூளை மாதவிலக்கையே நிறுத்திரும். உங்களுக்கு அந்தச் சுரப்பியில ஒரு கட்டி. புற்றுநோய் இல்ல, பயப்படாதீங்க. பிள்ளை இல்லாமலே அது அந்த ஹார்மோனைக் கொட்டுது. அதுக்கு நேர் மேல ரெண்டு கண் நரம்பும் குறுக்கே போகுது. கட்டி அழுத்தவும் ஓரப்பார்வை போயிட்டு."

"அப்போ எனக்குப் பிள்ளை இருக்குன்னா எம் மூளை நெனச்சிக்கிட்டு இருக்கு?"

"ஒரு வகையில அப்படித்தான்க்கா. பெரும்பாலும் மாத்திரையிலயே சுருங்கிரும். ஹார்மோன் டாக்டர் பார்த்துக்கிடுவாங்க."

பஸ்ஸில் வரும்போது இசக்கிசெல்வி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். எத்தனை பெரிய விஷயம் இது! பட்டாணி அளவு சுரப்பி ஒன்று சொன்னதை நம்பி, இல்லாத பிள்ளைக்கு ஒரு வருஷமாக அவள் உடம்பு பால் எடுத்துவைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் போட்டியாக இன்னொன்று வந்துவிடக் கூடாது என்று கதவையும் சாத்தியிருக்கிறது. இந்த உடம்பையா காய்ந்துபோனது என்று திட்டினோம்? அவளுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

மாத்திரை வேலை செய்தது. பால் வற்றியது; வற்றிய அன்று, யாரையோ வழியனுப்பியதுபோல் அவளுக்கு மனசு கனத்தது. பிறகு ஒரு மத்தியானம், ஆமினாளோடு பேசிக்கொண்டு நிற்கும்போதே, தலையைத் திருப்பாமல் அவள் கை போய் இடப்பக்கத் தறியை நிறுத்தியது. இழை அறுந்திருந்தது. ஆமினாள் வாயைப் பிளந்தாள்.

கூடத்துக் கழிப்பறையிலிருந்து இசக்கிசெல்வி அழுதுகொண்டே வெளியே வந்தது அதற்குப் பிந்திய மாதம். "யாரும் எதுவும் சொன்னாங்களாட்டி?" என்று ஆமினாள் பதறினாள்.

"இல்லக்கா. விலக்காயிட்டேன்" என்றாள். இத்தனை வருஷம் எதற்காகக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாளோ, அதே சேதியைச் சொல்லப் போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள்.

அந்தப் பக்கம் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது.

"வீட்ல சோத்துக்கு உல வைக்காத" என்றான் கோமதிநாயகம். "பிரியாணி வாங்கிட்டு வாரேன்."