நீர்த்தெள்ளும் நேர்த்திக்கடனும்

ஓர் ஏரியிலிருந்து மீன்களை வெளியேற்றும் வேலையில் இருந்துகொண்டே, அதே மீன்களுக்கு யாருக்கும் தெரியாமல் சோறு போட்டு வளர்த்தவன் நான். ஊரில் இருந்தபோது வாசிகசாலை வாங்கில் குந்தியிருந்து, கோயிலுக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பகுத்தறிவு பேசியவனும் நான்தான்.

காரணம் மனைவி. அவள் யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளை அழைப்பிக்க நான் போட்ட விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் படுத்துக் கிடந்தது. எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களை அமைச்சரே முடக்கி வைத்தார் என்று தெரியவந்து, பின்னாளில் தமிழர் வழக்கு என்று டென்மார்க் முழுக்கப் பேசப்பட்ட விவகாரம் அது. அப்போது எனக்கு அது வெறுமனே வராத கடிதம். ஊரில் கோயில் கேணி மீனுக்குப் பொரி போட்டால் தடைப்பட்ட காரியம் நடக்கும் என்பார்கள். நான் இருந்த டெனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில் கேணியும் இல்லை, பொரியும் இல்லை. ஏரியும் மிஞ்சின சோறும் இருந்தன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழரைக்குப் படகுத்துறையில் நேர்த்தியைத் தொடங்கினேன்.

ஏரி பச்சைக் கஞ்சி போலிருந்தது. வயல் உரம் கரைந்து வந்து பாசி பெருத்திருந்தது. பாசியைத் தின்பவை நீர்த்தெள்ளுகள். கடுகில் பாதிகூட இல்லாத, துள்ளி நீந்தும் உயிர்கள். தெள்ளுகளைத் தின்பவை மீன்கள். மீனைக் குறைத்தால் தெள்ளு பெருகும், தண்ணீர் தெளியும் என்பது என்னை வேலைக்கு வைத்திருந்த டெனிஷ் உயிரியலாளர் அம்மாவின் கணக்கு. நடு ஏரியில் மீன் பிடிப்போம். பிறகு நான் துணிவலையில் தெள்ளு அள்ளிக் கொடுக்க, அவர் நுணுக்குக்காட்டியில் எண்ணுவார்.

"தண்ணிக்குப் பேன் பாக்கிற வேலைக்கோ இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கிறாய்?" என்பார் என்னோடு அறையிலிருந்த அண்ணை.

கோடையில் ஏரி தெளியத் தொடங்கியது, படகுத்துறையடியைத் தவிர. அங்கே தெள்ளும் குறைவு, இருந்ததும் பொடிசு. அந்த அம்மா காற்றைச் சந்தேகித்தார். தண்ணீரின் சூட்டை அளந்தார். மர நிழலை அளந்தார். அளவுநாடாவின் மறுநுனியைப் பிடித்தது நான். மூன்றாம் கிழமை, திட்டமே பிழையோ என்று அவர் கண் கலங்கினார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. வேலை போனால் விண்ணப்பத்தில் நான் எழுதிய "மனைவியைப் பராமரிக்க வசதி உண்டு" என்ற வரியும் போய்விடும். ஆனாலும் எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன்: "மீன். சோறு. நான்."

"ஏன்?"

"மனைவி வர."

அவர் அளவுநாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "எத்தனை மணிக்கு மீன்கள் கூடும்?"

"ஏழரை."

"அப்படியானால் வெள்ளிக்கிழமை நீங்கள் சோற்றைப் போடுங்கள். நான் வலையைப் போடுகிறேன்."

அந்த ஒரு காலையில் ஒரு மாதத்து மீன் பிடிபட்டது.

"நேர்த்தி மீனையே காட்டிக் குடுத்திட்டியே!" அண்ணைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இனி உன்ரை மனுசி வந்த மாதிரித்தான்."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் காலம் கடந்தேனும் கடிதம் வந்தது, அவளும் வந்தாள். முதல் கிழமை சமையலை நானே பொறுப்பெடுத்தேன்; அவள் தட்டில் தினமும் பாதிச் சோறு மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை தெளிந்த ஏரிக்கரையில் நிறுத்தி, அவளுக்காக நான் செய்த நேர்த்தியையும் துரோகத்தையும் சொல்லி முடித்தேன். கண் கலங்குவாள் என்று பார்த்தேன்.

"சோறு ஆர் அவிச்சது?"

"நான்தான்."

"அப்ப அதுகள் தாங்களாத்தான் வலைக்குள்ளை போயிருக்கும்."