மூன்றாவதாக வந்த சாஃப்ட்வேர்காரர்

குரோம்பேட்டையில், இன்டர்நெட்டில் சுடிதார் விற்கும் கடை. திரும்பி வரும் பார்சல்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. அதற்கென்று சாஃப்ட்வேர் விற்க வந்தவர்களில் இவர் மூன்றாமவர். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். முகம் துடைத்த கைக்குட்டையை ஒவ்வொரு முறையும் நாலாக மடித்துத்தான் பைக்குள் வைத்தார்.

"இத்த வாங்கிட்டா இந்தம்மா வேணாம்ல?" என்று முதலாளி என் எதிரிலேயே கேட்டார்.

டை கட்டியவர் என்னைப் பார்த்தார். "போட்ட துணியா, போடாததான்னு இதுக்குத் தெரியாது சார். உங்களுக்கு வர்ற ரிட்டர்னுக்கு இவங்களே போதும்" என்று லேப்டாப்பை மூடினார்.

வாசல்வரை பின்னால் போனேன். "எனக்காவ சொன்னியாப்பா? நான் ஒண்ணும் கேக்கலியே."

கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "தாம்பரம் பஸ் எங்கம்மா நிக்கும்?" என்றார்.

கை காட்டினேன். அலுத்த நடையாகப் போனார். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். அவர் எனக்காகச் சொன்னாரா என்பதுதான் தெரியவில்லை.